பெரியவர் கை வைத்த சிலிண்டர்

எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், மாத்திரை போட்டோமா இல்லையா என்று டப்பாவைத் திறந்து திறந்து பார்க்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கால் வீக்கம் வந்தால் வருகிறது, போனால் போகிறது. வாய்க்கு மட்டும் இதுவரை ஒரு நோயும் வந்ததில்லை.

எதிர்வீட்டுச் சங்கதி ஒன்று நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சந்து நேராகப் படகுத்துறையில் போய் முடியும். எதிர்வீட்டில் கீழே கடை, மேலே குடித்தனம். விடுமுறைக்கு வருகிறவர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவந்து விடுகிற தொழில். அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. அண்ணனைப் பெரியவர் என்போம். ஆழத்து அழுத்தத்தில் ஒரு காதில் ஜவ்வு கிழிந்துவிட்டதால் அவர் தண்ணீரில் இறங்குவதில்லை. படகோடு போவார், வருவார், வந்தவர்களிடம் பேசுவார். ஆட்களைக் கீழே கூட்டிப்போவது தம்பி, சின்னவர். சின்னவர் பெண்டாட்டிக்கு ஸ்பானர் என்று பெயர். கேலியாகப் பெரியவர் வைத்ததுதான், சந்து முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கருவிகள் எல்லாம் அவள் கையில். படகு திரும்பியதும் முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி எல்லாவற்றையும் முக்கி எடுப்பாள். ரப்பர் உடைகளைக் கம்பியில் மாட்டுவாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தலையில்லாத மனுஷர்கள் வரிசையாகத் தொங்குகிற மாதிரி இருக்கும். அப்புறம் ரெகுலேட்டர்களை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். சிலிண்டரில் அடைத்த காற்று அப்படியே வாய்க்கு வந்தால் நுரையீரல் தாங்காது. அதை அடக்கி, மூச்சுக்கு மூச்சு அளந்து கொடுக்கிற பித்தளைக் கட்டிதான் ரெகுலேட்டர். அது சிலிண்டரோடு சேர்கிற இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வடிகட்டி உண்டு. அதில் துருவோ உப்போ அடைத்தால் ஆழத்தில் மூச்சு முட்டும். அவள் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பிள்ளையின் காதில் அழுக்கு பார்க்கிற தாய் தோற்றாள்.

கடையை ஆரம்பித்தது அவர்கள் அப்பா. அவருக்கு ஒரு பழக்கம். சிலிண்டரின் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, இறுகிப்போகாமல் இருக்கக் கால் சுற்று திருப்பி வைப்பார். தண்ணீரில் குதிக்கப்போகும் ஒவ்வொருவர் முதுகிலும் கடைசியாக அவர் கை படும். அவர் போனபிறகு அந்தக் கை பெரியவரிடம் வந்தது. "இது என் கை இல்ல, அப்பா கை" என்று சொல்லித்தான் திருப்புவார். அந்தக் கை பட்ட வால்வை அப்புறம் யாரும் தொடக்கூடாது. தொட்டால் அப்பாவையே நம்பவில்லை என்று அர்த்தம்.

ஸ்பானர் இதை ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். நான் அவர்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இப்பல்லாம் யாரும் கால் சுத்து திருப்பறதில்ல. முழுசா திறந்து அப்படியே விட்டுடறாங்க. திருப்பற பழக்கம் இருந்தா என்னைக்காவது அவசரத்துல பக்கம் மாறிடும். முழுசா மூடி, கால் சுத்து திறந்து விட்டுடுவோம். மேல இருக்கறப்ப மூச்சு நல்லாத்தான் வரும், மீட்டர்லயும் காத்து முழுசாத்தான் காட்டும். ஆழத்துக்குப் போனாத்தான் கழுத்தைப் பிடிக்கும்."

"அப்ப எனக்குத் திறக்கற பக்கம் எது, மூடற பக்கம் எதுன்னு தெரியாதுங்கற?"

"உங்களுக்குத் தெரியும் மாமா. கைக்குத் தெரியணுமே."

பெரியவர் சம்சாரம் உள்ளேயிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "இருந்த வெள்ளத்த வந்த வெள்ளம் அடிச்சுட்டுப் போகுதாம். கேட்டுக்கோங்க பெரியம்மா."

"நான் வெள்ளம் இல்லக்கா, வெறும் வடிகட்டி" என்று ஸ்பானர் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பெரியவர் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் ஆள் பற்றாமல் அவளே படகில் போனாள். பெரியவர் கை வைத்து முடித்தபிறகு, புருஷன் முதுகுப் பக்கம் போய் வால்வை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அன்று வீட்டில் ஆக்கிய சோறு ஆறிக் கிடந்தது. பெரியவர் சாப்பிட மாட்டேன் என்று படகிலேயே போய்ப் படுத்துக்கொண்டார். சின்னவர் போய்க் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தார். வந்து, எல்லோர் முன்னாலும் பெண்டாட்டியிடம் சொன்னார்: "இனிமே அண்ணன் கை வெச்ச வால்வ நீயும் தொடாத. நானும் தொட மாட்டேன்."

தன் மூச்சு வருகிற வழிக்குத் தானே பூட்டுப் போட்டுச் சாவியை எறிந்த மாதிரி. அன்று அது யாருக்கும் அப்படித் தெரியவில்லை. சண்டை தீர்ந்ததே என்று எல்லோரும் வறுத்த மீனோடு சோறு சாப்பிட்டார்கள்.

அந்த நாள் வந்தது காற்றடிக்கிற பருவத்தின் தொடக்கத்தில். கடல் கலங்கியும் கலங்காமலும் இருந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை கீழே போய்வந்தாயிற்று. பெரிய கேமராவோடு வந்த ஒரு விருந்தாளி, ஆமையைப் பார்க்காமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று நின்றதால் மூன்றாவது தடவையும் இறங்கினார்கள். நடந்ததைப் படகோட்டிதான் என் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னான். அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள், அவன் பேச ஆரம்பித்தால் உங்களுக்கே தெரியும்.

"மேகம் இப்படி மேற்கால கூடுது பெரியம்மா. போதும்ணே, திரும்பலாம்னேன். பெரியவர் கேக்கல. சரின்னு நங்கூரம் போட்டேன். ரெண்டு பேரும் குதிச்சு கொஞ்ச நேரம் ஆச்சு. நான் முட்டை ரொட்டிய எடுத்து ஒரு கடி கடிச்சேன், ரெண்டாவது கடி வாயில இருக்கு, பாட்டில்லேர்ந்து தக்கை தெறிக்கற மாதிரி சின்னவர் மேல வர்றாரு. அப்படி வரக்கூடாது பெரியம்மா. மெதுவா, நின்னு நின்னு வரணும். சோடா பாட்டிலைச் சட்டுனு திறந்தா எப்படிப் பொங்கும்? ரத்தத்துல அப்படிப் பொங்கிடும்."

"கூடப் போனவன் எங்கடா? ஒருத்தனுக்குக் காத்து போனா இன்னொருத்தன் குடுக்கணும்னுதானே ஜோடியா அனுப்பறீங்க?"

"குடுக்கணும். கேமராக்காரர் சிலிண்டர்ல கூடுதலா ஒரு வாய்க்குழாய் மஞ்சளா தொங்குச்சு, அதுக்குத்தான். ஆனா அவரு ஆமை பின்னாடி போயிட்டாரே! கூப்பிட்டா கேக்குமா தண்ணிக்குள்ள? சின்னவர் முதுகுப் பக்கம் கையக் கொண்டுபோய் வால்வத் திருப்பப் பாத்திருக்காரு. அந்தத் தோள் பழைய அடி, எட்டல. வேற வழியில்லாம மேல வந்துட்டாரு. படகுல இழுத்துப் போட்டோம். கால்ல எறும்பு ஊருதுடான்னாரு. அப்புறம், கால் எங்கடான்னாரு."

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ரேடியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அழுத்த அறை என்று இரும்புக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் திரும்பத் திரும்பப் படுக்கவைத்தார்கள். உயிர் தங்கியது. வலது கால் திரும்பியது. இடது கால் பாதிதான் திரும்பியது. இனிமேல் தண்ணீருக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேல்வீட்டு ஜன்னலோரம் கட்டில் போட்டு, கடல் தெரியாத பக்கமாகத் தலையணையை வைத்துக் கொடுத்தாள் ஸ்பானர்.

ஊர் சும்மா இருக்குமா? என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று கடைக்கு வந்து கேட்டார்கள். பெரியவர் ஒரே பதிலைப் பாடம் பண்ணி வைத்திருந்தார். நானே என் காதால் கேட்டேன்.

"கருவியில ஒரு சின்னக் கோளாறுங்க. வடிகட்டி அடைச்சிருக்கு. வீட்டுப் பொம்பளை பாக்கற வேலைதானே, கையில கொஞ்சம் அசட்டை. இனி வெளியிலேர்ந்து ஆள் வந்து பாப்பான்."

கருவி அறைச் சாவி அவள் இடுப்பிலிருந்து பெரியவர் சம்சாரத்தின் இடுப்புக்குப் போனது. சந்தில் அவளைப் பார்த்த பெண்கள் சும்மா போகவில்லை. "என்ன ஸ்பானர், புருஷன் மூச்சையே கழட்டிட்டியாமே" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் வாயில் கொள்ளியை வைக்க. ஸ்பானர் மாவுப்பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை. என் சமையலறையில் வந்து நின்று, "நான் பாத்தேன் பெரியம்மா, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், பாத்த ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "ஞாபகம் இருக்குதானே?" என்று என்னையே கேட்டாள்.

அந்த ரெகுலேட்டர் அப்படியே ஒரு சாக்கில் சுற்றி முற்றத்து மூலையில் கிடந்தது. ஒருநாள், பெரியவர் துறைக்குப் போயிருந்த நேரம், எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"பெரியம்மா, கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாங்க. எனக்கு இன்னொரு ஜோடி கண்ணு வேணும்."

போனேன். தொட்டி விளிம்பில் வெள்ளைத் துணியை விரித்திருந்தாள். ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றி, அந்த நகம் அளவு வடிகட்டியைத் துணியில் தட்டினாள். விழுந்தது. துரு இல்லை, பச்சைக் களிம்பு இல்லை, உப்பு இல்லை. மழையில் கழுவிய காசு மாதிரி மின்னியது.

"என்ன தெரியுது பெரியம்மா?"

"என்னத்தடி தெரியணும்? சுத்தமா இருக்கு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"சுத்தமா இருக்குடி."

அவள் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ரேடியோ டீசல் கேனை எடுக்க உள்ளே வந்தான். துணியைப் பார்த்தான், வடிகட்டியைப் பார்த்தான்.

"அட, அழுக்கே இல்லையே! நான் அப்பவே நினைச்சேன், உன் கையில அசட்டை வராதுன்னு. நீ எதையும் முழுசா செய்யற ஆளு! சிலிண்டர நீ திறந்து வெச்சா, திரும்ப மூடறதுக்குள்ள எனக்கு மணிக்கட்டு கழண்டுடும், சுத்திக்கிட்டே இருக்கணும். அன்னைக்கு மட்டுந்தான் தொட்டதும் மூடிக்கிச்சு. குழாய்ல சொட்டு நிறுத்தற மாதிரி, இப்படி ஒரு..."

கையைக் காற்றில் கால் சுற்று திருப்பிக் காட்டியவன் அப்படியே நின்றான். ரேடியோ அணைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஸ்பானர் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கும் துறையில வெச்சு நான்தான் முழுசாத் திறந்து குடுத்தேன். அதுக்கப்புறம் யாரு தொட்டா?"

ரேடியோ டீசல் கேனைத் தூக்கிக்கொண்டான்.

"யாருண்ணே தொட்டா?"

"உனக்குத் தெரியாதா யாரு தொடுவாங்கன்னு?"

"எப்பவும் போலப் பின்னாடி நின்னா தொட்டாரு?"

"இல்லம்மா. அன்னைக்குப் பின்னாடி கேமராக்காரர் பெட்டிங்க அடுக்கியிருந்துச்சு, நிக்க எடம் இல்ல. முன்னால நின்னு தோளுக்கு மேல கைய நீட்டித் திருப்பினாரு. அலை வேற ஆட்டுது." கேனைக் கீழே வைத்தான். "நான் எதுவும் சொல்லலம்மா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

பாருங்கள், பின்னால் நின்று திருப்பிப் பழகின கை. முன்னால் நின்றால் அதற்குப் பக்கம் மாறிப்போகிறது. முழுக்க மூடி, கால் சுற்று திறந்து, அப்பா கை என்று சொல்லி அனுப்பிவிட்டது.

நான் சின்னவருக்காகக் கையோடு கொண்டுவந்திருந்த சூப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே மாடிக்குப் போனேன். போயிருக்கக்கூடாதுதான். ஆனால் சூப்பு ஆறிவிடுமே.

அவள் வடிகட்டியைச் சின்னவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடைப்பு இல்லைங்க. வால்வுதான். மாமா பக்கம் மாத்தித் திருப்பிட்டாரு."

சின்னவர் அதைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"கீழ இருக்கும்போதே. மூச்ச இழுத்தா மீட்டர் முள் விழுது, விட்டா எந்திரிக்குது. வால்வு இல்லேன்னா வடிகட்டி. வடிகட்டி உன் கையால போனது, அது அடைக்காது."

இத்தனை நாளில் அவளுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு அது. கிடைத்த நேரத்தைப் பாருங்கள்.

"படகுல இருக்கறப்ப எதுவும் தெரியலையா?"

"அவர் கை நிறைய நேரம் திரும்பற மாதிரி இருந்துச்சு. சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"ஒருதரம் கைய வெச்சுப் பாக்கறதுக்கு என்ன? உங்களுக்கு எட்டலன்னா ரேடியோண்ணனைப் பாக்கச் சொல்றதுக்கு என்ன?"

"அண்ணன் எதிர்ல நின்னுக்கிட்டிருந்தாரு."

கீழே காற்று அடைக்கிற எந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சரி. அவர் ஊரக் கூட்டி எம்மேல பழி போட்டாரே. அப்பவாவது வாயத் திறந்திருக்கலாமே?"

"உன் பேர்ல ஒரு தப்புன்னா நாலு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. அண்ணன் கை தப்புன்னு தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான். நீ பொறுத்துக்குவேன்னு நினைச்சேன்."

"பொறுத்துக்கறதுக்குன்னு ஒருத்தி வீட்டுல இருந்தா எல்லாருக்கும் சௌகரியம்தான்" என்றாள். வடிகட்டியை அவர் கையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பெரியவர் அப்போதுதான் துறையிலிருந்து வந்து, செருப்பு மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் மேசைமேல் வடிகட்டியை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. நான் மாடிப்படியில் நின்றேன். முட்டி வலி, வேகமாக இறங்கமுடியாது.

"இது சுத்தமா இருக்கு மாமா. சிலிண்டர மூடறப்ப கால் சுத்துதான் இருந்துச்சு."

பெரியவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இல்லை, ஏற்கெனவே புரிந்திருந்தது. ஆனால் வாய் இருக்கிறதே.

"குதிக்கறவன் பாத்துக்கணும். அவன் உசிரு, அவன்தான் பாத்துக்கணும்."

"பாத்தா நீங்க சாப்பிட மாட்டீங்களே மாமா."

"என்னடி பேசற? எந்தம்பிய நான் வேணும்னா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும். எம்மேல சொன்னது வேணும்னுதானே?"

பெரியவர் சம்சாரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கருவி அறைச் சாவி மேசைக்கு வந்தது. யாரும் யாரிடமும் கொடுக்கவில்லை. வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் பெரியவர் பாடத்தை மாற்றவே இல்லை. வடிகட்டி அடைச்சிருந்துச்சு. வீட்டுப் பொம்பளை.

தொழில் நிற்குமா? காற்று ஓய்ந்து கடல் தெளிந்ததும் ஆட்கள் வந்தார்கள். கீழே கூட்டிப்போக ஆள் இல்லை. கடலுக்குள் இறங்குகிற பயிற்சியெல்லாம் முடித்தவள் வீட்டில் ஸ்பானர் ஒருத்திதான். "உம்புருஷனுக்குப் பதிலா நீதான் இறங்கணும்னு சொல்றாரு" என்று பெரியவர் சம்சாரம் வந்து சொன்னாள். அவர் நேரில் கேட்கவில்லை. ஸ்பானரும் மறுக்கவில்லை. உடையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

படகில் நடந்ததை ரேடியோதான் சொன்னான். இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னான்.

எல்லோரும் குதிக்கத் தயாராக உட்கார்ந்தார்களாம். பெரியவர் வரிசையாக வந்தாராம். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கை நீளுகிறது பாருங்கள். ஒவ்வொரு வால்வாகத் தொட்டு, அப்பா கை என்று முணுமுணுத்து, கடைசியில் அவளிடம் வந்தாராம். அவள் குனிந்து கொடுத்தாளாம். தொட்டாராம். விலகினாராம். அவர் விலகின கையோடு அவள் எழுந்து, எல்லோரும் பார்க்க, முதல் ஆளிலிருந்து ஒவ்வொரு வால்வையும் முழுசாக மூடி, முழுசாகத் திறந்து, கால் சுற்றுகூடத் திருப்பாமல் விட்டாளாம். கடைசியாகத் தன் முதுகுக்குக் கையைக் கொண்டுபோய்த் தன்னுடையதையும் திருப்பினாளாம். பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவள் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு குதித்துவிட்டாளாம்.

அன்று வந்தவர்கள் ஆமை பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே கரைக்கு வந்தார்கள். அவள் எல்லாவற்றையும் தொட்டியில் முக்கி, கம்பியில் மாட்டிவிட்டு மாடிக்குப் போனாள். நான் சின்னவருக்குத் துணையாக அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ முந்திக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஈரத் தலையோடு வாசலில் நின்றவளைச் சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். கீழே தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. பயமாக இருந்ததா என்று கேட்கவில்லை. இனி தன்னால் போகவே முடியாத இடத்துக்கு அவள் போய்வந்திருக்கிறாள், அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுஷன் கேட்டது இதுதான்:

"அண்ணன் முன்னாடியேவா?"

அவள் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு கீழே போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் மூன்று பேர் அவளோடு பேசுவதில்லை. படகு மட்டும் தினமும் போகிறது, போனவர்கள் ஒருவர் குறையாமல் திரும்புகிறார்கள்.

எனக்குத்தான் ஆறவில்லை. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பெரியவர் கை இருக்கும். அது பட்டபிறகு யாரும் சரிபார்க்கக்கூடாது என்று ஒரு அடுப்போ, ஒரு வண்டியோ, ஒரு பூட்டோ, ஒரு மருந்து டப்பாவோ இருக்கும். யாராவது திருப்பிப் பார்த்தார்களா? பார்த்தவர்களோடு வீட்டில் பேசினார்களா? ஒளிக்காமல் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, என் கண்ணாடி எல்லாவற்றையும் படித்துவிடும்.